உருளைக்கிழங்கு வயலில் டிவியைக் கண்ட பையன்



போன மாதம் இதே இடத்தில் மேரி கியூரி அம்மையாரின் வாழ்க்கையைப் படித்திருப்பீர்கள். இந்த மாதம் என் முறை. எடிசனைப் பற்றி எழுதலாம்னுதான் முதலில் நினைத்தேன். ஆனா அவர் கதை உங்களுக்கே பாதி தெரியும். அதனால் டிவியைக் கண்டுபிடித்தவரைப் பற்றி எழுதுகிறேன். பொது அறிவுப் புத்தகத்தில் இதற்கு ஜான் லோகி பெயர்டு என்று ஒரே வரியில் பதில் இருக்கும். அது தப்பு இல்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் எங்க பாட்டி வீட்டுப் பரண்.

பரணில் ஒரு பழைய டிவி கிடந்தது. 2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவித் திட்டத்தில் வந்தது. முன்பக்கம் கண்ணாடி, பின்பக்கம் பெரிய முதுகு, தூக்கவே இரண்டு பேர் வேண்டும். போன லீவில் பழைய இரும்பு வாங்குபவர் வந்து விலை கேட்டார். எங்க சின்ன மாமா டவுனில் டிவி மெக்கானிக். கொடுக்கிறதுக்கு முன்னாடி இவ ஒரு தடவை பார்க்கட்டும்னு சொல்லி, பின்மூடியைக் கழற்றிக் காட்டினார்.

(ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் பழைய டிவியைத் திறந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தாலும் பிக்சர் டியூபுக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கி நிற்கலாம். மாமா முதலில் அதை இறக்கிவிட்டுத்தான் என்னைக் கிட்ட வர விட்டார்.)

உள்ளே ஒரு ஊரே இருந்தது. சின்னச் சின்ன நெல் மாதிரி, வண்ண வளையம் போட்டவை ரெசிஸ்டர்கள். அந்த வளையம் அழகுக்கு இல்லையாம், எண்ணாம். கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. முதல் இரண்டு வளையம் எண்கள், மூன்றாவது எத்தனை பூஜ்யம் என்பது. பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் 1, 0, அப்புறம் இரண்டு பூஜ்யம், ஆகமொத்தம் 1000 ஓம். டப்பா மாதிரி நிற்பவை கண்டன்சர்கள். ஒரு ஓரத்தில் தடித்த சிவப்பு ஒயரோடு எல்.ஓ.டி. இருந்தது. அந்த உயர் மின்அழுத்தத்தை உண்டாக்குவது அதுதான். நடுவில் பெரிய புனல் போல பிக்சர் டியூப். அதன் ஒல்லியான கழுத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி ஒரு மாலை மாதிரி மாட்டியிருந்தார்கள். இதுக்குப் பேரு யோக் என்றார் மாமா.

அவர் கடையில் ஒரு டப்பாவில் பழைய வால்வுகளும் இருக்கின்றன. இன்னும் பழைய டிவிகளில் டிரான்சிஸ்டருக்குப் பதிலாக இந்தக் கண்ணாடிக் குப்பிகள்தான் வேலை செய்தன. ஒன்றில் பி.சி.எல். 82 என்று அச்சடித்திருந்தது. அதைப் படிக்கவும் ஒரு வழி இருக்கு. பி என்றால் உள்ளே சூடாகிற இழைக்கு 300 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். சி என்றால் டிரையோடு, எல் என்றால் அவுட்புட் பென்டோடு. ஒரே குப்பிக்குள் இரண்டு வால்வு! ஐரோப்பிய வால்வில் முதல் எழுத்து பி என்று இருந்தால் பெரும்பாலும் அது ஒரு டிவிக்காகச் செய்ததாக இருக்கும்.

இதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், அந்த யோக்கைத் தட்டிக் காட்டி, இதை வைத்து டிவி செய்யலாம்னு யோசித்த பையனுக்கு அப்போ உன் வயசுதான் என்று மாமா சொன்னார். எனக்கு வயது 14.

அந்தப் பையன் பெயர் பைலோ டெய்லர் ஃபார்ன்ஸ்வொர்த். 1906 ஆகஸ்டு 19 அன்று அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் பீவர் என்ற ஊருக்குப் பக்கத்தில், அவர் தாத்தா கட்டிய மரக்கட்டை வீட்டில் பிறந்தார். விவசாயக் குடும்பம். 1918-ல் ஐடஹோ மாநிலத்தில் ரிக்பி என்ற ஊருக்கு அருகே ஒரு உறவினரின் பண்ணைக்குக் குடிபோனார்கள். அந்தப் பண்ணையில் சொந்தமாக ஜெனரேட்டர் வைத்து மின்சாரம் எடுத்தார்கள். 12 வயதுப் பையனுக்கு அது திருவிழா மாதிரி ஆகிவிட்டது. ஜெனரேட்டர் ரிப்பேர் ஆனால் அவன்தான் சரி செய்வான். எரிந்துபோன மோட்டார் ஒன்று கிடைத்தது. அதற்குப் புதிதாகக் கம்பி சுற்றி, அம்மா கையால் சுற்றித் துவைக்கும் இயந்திரத்தில் பொருத்திவிட்டான். அந்த வீட்டின் பரணில் யாரோ விட்டுப்போன அறிவியல் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக இருந்தன. (பாருங்க, அங்கேயும் பரண்!) அதையெல்லாம் படித்தான். 13 வயதில் கார் திருடு போகாமல் இருக்க ஒரு காந்தப் பூட்டு யோசித்து, பத்திரிகைப் போட்டியில் 25 டாலர் பரிசு வாங்கினான்.

அந்தப் பத்திரிகைகளில்தான் தொலைவிலிருந்து படம் அனுப்புவது பற்றி முதன்முதலாகப் படித்தான். அப்போது எல்லாரும் முயன்றுகொண்டிருந்தது ஒரே வழிதான். ஜெர்மனியில் நிப்கோ என்பவர் 1884-ல் யோசித்த ஓட்டைத் தட்டு. ஒரு வட்டத் தட்டில் சுருள் வரிசையில் ஓட்டைகள் இருக்கும். தட்டு சுழலச் சுழல, ஒவ்வொரு ஓட்டையும் படத்தின் ஒரு வரியை மேய்ந்துகொண்டு போகும். பெயர்டு 1926 ஜனவரியில் லண்டனில் எல்லாருக்கும் முன்னால் காட்டியதும் இந்தத் தட்டு வழிதான். அதில் முகம் தெரிந்தது, ஆனா 30 வரிதான். நம்ம பழைய டிவியில் ஒரு படத்துக்கு 625 வரி, அதுவும் ஒரு விநாடிக்கு 25 படம். அவ்வளவு வரிக்குத் தட்டைச் செய்து சுழற்றுவது நடக்கிற காரியமா? தட்டு வேலைக்கு ஆகாது, எலக்ட்ரான்தான் சுழல வேண்டும், அதற்குத்தான் எடை கிடையாத மாதிரி அத்தனை வேகம் என்று பையன் முடிவு கட்டிவிட்டான். ஆனால் எலக்ட்ரானை வைத்து எப்படிப் படத்தை அனுப்புவது?

1921 கோடை. உருளைக்கிழங்கு வயலில் குதிரை பூட்டி உழுதுகொண்டிருந்தான். ஒரு சால் முடிந்ததும் திரும்பிப் பக்கத்துச் சால், அது முடிந்ததும் அடுத்தது. திரும்பிப் பார்த்தபோது நிலம் முழுக்க வரிவரியாக இருந்தது. அந்த இடத்திலேயே பிடிபட்டது. படத்தையும் இப்படி உழலாம்! ஒரே கணத்தில் முழுப் படத்தையும் அனுப்ப வேண்டியதில்லை. வரி வரியாக உழுது அனுப்பி, மறுமுனையில் அதே வேகத்தில் வரி வரியாக உழுதால் கண்ணுக்கு முழுப் படமாகத் தெரியும். காந்தத்தால் எலக்ட்ரானை வளைக்கலாம் என்பதும், பிரவுன் என்ற ஜெர்மானியர் 1897-லேயே பிக்சர் டியூபின் மூதாதையைச் செய்ததும் ஏற்கெனவே தெரிந்த விஷயங்கள். அனுப்பும் பக்கத்திலும் தட்டே இல்லாமல் கண்ணாடிக் குழாயும் காந்தச் சுருளும் மட்டும் வைத்துச் செய்யலாம் என்பதுதான் இந்தப் பையனுடைய யோசனை.

நம்ம ஊரிலும்தான் தினமும் உழுகிறார்கள். நானும் எத்தனையோ தடவை வரப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கேன். எனக்கு ஒண்ணும் தோணல. சரி, கதைக்கு வருகிறேன்.

ரிக்பி உயர்நிலைப்பள்ளியில் ஜஸ்டின் டோல்மன் என்று ஒரு வேதியியல் ஆசிரியர் இருந்தார். பைலோ புதிதாகச் சேர்ந்த மாணவன், ஆனால் பெரிய வகுப்புப் பாடத்தில் உட்கார வேண்டும் என்று அடம் பிடித்தான். ஆசிரியர் விட்டதோடு, பள்ளி விட்ட பிறகும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். 1922 தொடக்கத்தில் ஒரு நாள் அவர் வகுப்பறைக்கு வந்தபோது, கரும்பலகை முழுக்கப் படங்கள். வேதியியலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவருக்குப் பையன் எல்லாவற்றையும் விளக்கினான். பிறகு தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அந்தக் குழாயின் படத்தை வரைந்து கொடுத்தான். ஆசிரியர் அந்தத் தாளைத் தூக்கிப் போடவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கஷ்ட காலம். குடும்பம் திரும்ப யூட்டாவுக்குப் போயிற்று. 1924 ஜனவரியில் அப்பா நிமோனியாவில் இறந்துபோனார். பைலோவுக்கு 17 வயது. கல்லூரியை ஒழுங்காக முடிக்க முடியவில்லை, கிடைத்த வேலையெல்லாம் செய்தார். 1926-ல் சால்ட் லேக் நகரத்தில் நன்கொடை திரட்ட வந்த ஜார்ஜ் எவர்சன், லெஸ்லி கோரல் என்ற இருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அவர்களிடம் தன் யோசனையைச் சொல்ல, எவர்சன் தன் சேமிப்பிலிருந்து 6000 டாலர் போட ஒப்புக்கொண்டார். அந்த வருஷம் மே 27-ல் பைலோவுக்கும் பெம் என்ற பெண்ணுக்கும் கல்யாணம். உடனே கணவனும் மனைவியும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ரயில் ஏறிவிட்டார்கள்.

அங்கே வீடே ஆய்வகம். கடையில் போய் யோக் வேணும்னு கேட்க முடியாத காலம், யாரும் செய்ததே இல்லை. எல்லாச் சுருளையும் கையாலேயே சுற்றினார்கள். வீட்டு ஜன்னலில் எப்போதும் திரை, வருகிற ஆட்கள் கையில் கண்ணாடிக் குழாயும் செம்புக் கம்பியும். அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு. சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் சந்தேகப்பட்டு, போலீஸ் வந்து வீட்டையே சோதனை போட்டுவிட்டுப் போனார்களாம்! அதன் பிறகு வங்கிக்காரர்கள் சிலர் 25,000 டாலர் கொடுக்க முன்வந்ததால் சான் பிரான்சிஸ்கோவில் கிரீன் தெருவுக்கு மாறினார்கள். பெம்மின் சகோதரர் கிளிஃப் இதற்காகவே கண்ணாடி ஊதக் கற்றுக்கொண்டார். பெம் படம் வரைந்தார், உலோகத் துண்டுகளைப் பற்றவைக்கவும் கற்றுக்கொண்டார். 1927 ஜனவரி 7 அன்று காப்புரிமைக்கு மனுப் போட்டார்கள்.

அந்தக் குழாய்க்கு இமேஜ் டிசெக்டர் என்று பெயர். படத்தை வெட்டிப் பிரிப்பது என்று அர்த்தம். எப்படி வேலை செய்யும் என்று மாமா எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். குழாயின் உள்ளே ஒரு தகடு, அதன்மேல் ஒளி பட்டால் எலக்ட்ரான் தெறிக்கும். வெளிச்சமான இடத்தில் நிறைய, இருட்டான இடத்தில் கொஞ்சம். ஆகவே எலக்ட்ரானாலேயே ஒரு படம் உண்டாகும். எதிரே ஒரே ஒரு சின்ன ஓட்டை. வெளியே இருக்கும் காந்தச் சுருள்கள் அந்த எலக்ட்ரான் படத்தை முழுசாக இழுத்து இழுத்து, வரி வரியாக ஓட்டைக்கு முன்னால் நகர்த்தும். ஓட்டைக்குள் விழுந்த அளவு எவ்வளவோ, அவ்வளவு மின்சாரம். ஓட்டை நின்ற இடத்தில் நிற்க, படம்தான் ஓடும்.

1927 செப்டம்பர் 7. பைலோவுக்கு 21 வயது. ஒரு அறையில் கிளிஃப், கண்ணாடியில் வரைந்த ஒரு கோட்டைக் குழாய்க்கு முன்னால் வைத்தார். அடுத்த அறையில் திரையில் ஒரு கோடு தெரிந்தது. கிளிஃப் கண்ணாடியைத் திருப்பினார். திரையிலும் கோடு திரும்பியது. அவ்வளவுதான், வெறும் ஒரு கோடு. சுழலும் தட்டு எதுவும் இல்லாமல், எல்லாம் எலக்ட்ரானாகவே நடந்த டிவிப் படம் அது. பணம் போட்டவர்கள் டாலரை எப்போ பார்ப்பது என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், அடுத்த வருஷம் அவர்களுக்கு டாலர் குறியையே திரையில் காட்டினாராம். 1929-ல் பெம்மின் முகத்தை மூன்றரை அங்குலப் படமாக அனுப்பினார்கள். அந்தப் படத்தில் அவர் கண்ணை மூடியிருந்தார். விளக்கு வெளிச்சம் அவ்வளவு கூச்சம்! உண்மையில் இந்தக் குழாயின் குறையும் அதுதான். ரொம்ப ரொம்ப வெளிச்சம் கேட்கும்.

1930 ஏப்ரலில் விளாடிமிர் ஸ்வொரிகின் என்ற ரஷ்யாவில் பிறந்த விஞ்ஞானி ஆய்வகத்தைப் பார்க்க வந்தார். இவர்கள் ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாம் காட்டினார்கள். அவர் ஆர்.சி.ஏ. என்ற மிகப் பெரிய ரேடியோ கம்பெனிக்கு வேலை செய்யப் போகிறவர். அவரும் சாதாரண ஆள் இல்லை. 1923-லேயே எலக்ட்ரான் டிவிக்கு மனுப் போட்டிருந்தவர். பின்னால் அவர் செய்த ஐகனாஸ்கோப் குழாய் ஒளியைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் குறைந்த வெளிச்சத்திலும் வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. 1931-ல் அந்தக் கம்பெனியின் தலைவர் டேவிட் சர்னாஃப் ஒரு லட்சம் டாலர் தருகிறேன், எல்லாவற்றையும் கொடுத்துவிடு என்றார். பைலோ மாட்டேன் என்றுவிட்டார். நானாக இருந்தால் வாங்கியிருப்பேனோ என்னவோ. அந்த நேரத்தில் அமெரிக்காவே பஞ்சத்தில் கிடந்தது.

உடனே வழக்கு வந்தது. முதலில் கண்டுபிடித்தவர் ஸ்வொரிகின்தான் என்று கம்பெனி சொன்னது. பைலோவின் வக்கீல்கள் ஐடஹோ பள்ளி ஆசிரியரைத் தேடிப் போனார்கள். டோல்மன் சார் வந்து, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் மாணவன் கரும்பலகையில் விளக்கியதைச் சாட்சி சொன்னார். அந்த நோட்டுத் தாளையும் பத்திரமாக வைத்திருந்தார். ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் கிழித்துக் கொடுத்த தாளை! 1935-ல் காப்புரிமை அலுவலகம் பைலோவுக்கே முன்னுரிமை என்று தீர்ப்புச் சொன்னது. பல கட்டுரைகளில் அந்தத் தாள்தான் வழக்கை ஜெயித்தது என்று எழுதுகிறார்கள். தீர்ப்பில் எடுத்துக்கொண்டது 1927 மனுவின் தேதியைத்தான். ஸ்வொரிகினின் 1923 மனுவில் இந்த முறை சரியாகச் சொல்லப்படவில்லை என்பதும் காரணம். அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் தாளை வைத்திருந்தார் இல்லையா?

இதற்கு நடுவில் 1932 மார்ச்சில் பைலோ-பெம் தம்பதியின் குழந்தை கென்னி தொண்டைத் தொற்றில் இறந்துவிட்டான். பென்சிலின் மருந்தாக வராத காலம். அதைப் பற்றி மேலே எழுத எனக்குத் தெரியவில்லை.

1939-ல் ஆர்.சி.ஏ. இறங்கிவந்தது. பத்து ஆண்டுகளில் பத்து லட்சம் டாலரும், உரிமைத் தொகையும் தர ஒப்பந்தம் போட்டது. எல்லாரிடமும் உரிமைத் தொகை வாங்கியே பழகிய கம்பெனி அது. அப்பாடா என்று நினைப்பதற்குள் இரண்டாம் உலகப் போர். அமெரிக்காவில் டிவி செய்வதையே நிறுத்திவிட்டார்கள். போர் முடிந்து வீட்டுக்கு வீடு டிவி வரத் தொடங்கிய நேரத்தில், 1947-ல், அவருடைய முக்கியமான காப்புரிமைகள் காலாவதி ஆகிவிட்டன. அந்தக் காலத்தில் அங்கே அரசு கொடுத்த காப்புரிமை 17 வருஷத்துக்குத்தான். உடம்பும் மனசும் ஒடிந்துபோயிற்று. ஃபோர்ட் வெய்னில் அவர் பெயரில் இருந்த கம்பெனியும் 1949-ல் கைமாறியது.

1957-ல் ஒரு டிவி நிகழ்ச்சிக்கு அவரை அழைத்தார்கள். வந்தவரின் ரகசியம் என்ன என்று நான்கு பேர் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். 14 வயதில் டிவியை யோசித்தவர் என்பதுதான் ரகசியம். ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. டிவியில் வந்த டிவி தந்தையை யாருக்கும் தெரியவில்லை! பரிசாக 80 டாலர் கொடுத்து அனுப்பினார்கள். தன் பிள்ளைகள் டிவி பார்ப்பதை அவர் விரும்பவில்லை என்று அவர் மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1969 ஜூலை 20 அன்று மட்டும், மனிதன் நிலாவில் இறங்குவதைப் பெம்மோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தார். பட்ட பாடெல்லாம் வீண் போகவில்லை என்று அன்றைக்குத்தான் மனைவியிடம் சொன்னாராம்.

1971 மார்ச் 11 அன்று, அவர் அப்பாவைப் போலவே, நிமோனியாவில் காலமானார். வயது 64. கையில் பணம் இல்லை, நூற்றுக்கு மேல் காப்புரிமைகள் இருந்தன. பெம் அம்மையார் 2006 வரை இருந்து, 98 வயதில் காலமாகும்வரை கணவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். யூட்டாவில் ஒரு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் விடாமல் கேட்டுக் கேட்டே, 1990-ல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் அவருக்குச் சிலை வைக்கச் செய்தார்கள். சிலையின் கையில் அந்த டிசெக்டர் குழாய் இருக்கும். ஒரு மாநிலத்துக்கு அங்கே இரண்டு சிலைதான் அனுமதி என்பதால், 2024-ல் அவருடையதை எடுத்துவிட்டு மார்த்தா ஹியூஸ் கேனன் என்ற பெண் மருத்துவரின் சிலையை வைத்தார்கள். அவரைப் பற்றி அடுத்த மாதம் யாராவது எழுதுங்களேன்.

பாட்டி வீட்டு டிவி கடைசியில் எடைக்குத்தான் போயிற்று. பழைய இரும்புக்காரருக்கு ஆசை எல்லாம் யோக்கின் செம்பு மேலேதான். அதை மட்டும் தரமாட்டேன்னு நான் அழுததால் மாமா கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு, அதற்கான காசை அவரே கொடுத்தார். அறிவியல் டீச்சரிடம் கேட்டு, இந்தத் தாளுக்கு வலது பக்கம் ஆணியில் மாட்டியிருக்கிறேன். தொட்டுப் பார்க்கலாம், ஷாக் அடிக்காது. கம்பியை மட்டும் பிரிக்காதீர்கள். உள்பக்கம் குனிந்து பார்த்தால் இரண்டு ஜோடிச் சுருள் தெரியும். ஒன்று எலக்ட்ரானை வரிக்குக் குறுக்கே ஓட்டும், மற்றது அடுத்த சாலுக்கு இறக்கும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி